ஒரு நட்சத்திரத்தின் விடுபட்ட மூன்று நாட்கள்

சாம்பல் நிறப் பின்னணியில் கறுப்புப் புள்ளிகள் இறைந்து கிடக்கும் இரண்டு படங்கள். அவற்றைக் கணினித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, மேடம் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "தம்பி, கை வேலை முடிஞ்சுதுங்களா? ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போங்க" என்பார். நான் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நிற்பேன். இடது படம் நேற்றையது, வலது படம் இன்றையது. எந்தப் புள்ளி மாறியிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அப்போதெல்லாம் நான் காலையில் வேலைக்குக் கிளம்பினேன் என்று இப்போது தோன்றுகிறது.

கோவையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் நான் அட்டெண்டர். அதற்கு முன்பு கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டினேன். முதலாளி தறிகளை விற்றபோது தெரிந்தவர் ஒருவர் சொல்லி இந்த வேலை கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தமிழ் சரளமாகப் படிப்பேன், எழுதுவேன். ஆங்கிலத்தில் எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும். சேர்ந்து வந்தால் அது எனக்கு வேலியில் காய்கிற துணி மாதிரி, வரிசை தெரியும், பொருள் தெரியாது. இது கல்லூரியில் ஒருவருக்கும் தெரியாது. பதிவேடுகளை அட்டையின் நிறத்தை வைத்து எடுப்பேன். மாணவர்களின் நோட்டுகளைக் கொடுக்கும்போது, "கண்ணு, உங்க நோட்டு எதுன்னு பாத்து எடுத்துக்குங்க" என்பேன். மரியாதையாகப் பேசுகிறவர் என்று பெயர் கிடைத்தது. மற்ற நேரங்களில் பேசாமலே இருப்பதால் பலருக்கும் நான் இருப்பதே தெரியவில்லை. அதுவும் எனக்கு வசதியாக இருந்தது.

மேடம் அந்தத் துறையில் பேராசிரியர். அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். திருமணம் செய்துகொள்ளவில்லை. துடியலூரில் வயதான அம்மாவோடு இருந்தார். மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது, இவர் மட்டும் தன் அறையில் கணினிக்கு எதிரே டிபன் டப்பாவைத் திறப்பார். அவர் ஆராய்ச்சி செய்தது வானத்தில் தோன்றும் ஒருவகை வெடிப்பை. அது மற்றவர்களுக்கு வேடிக்கை. வராந்தாவில் எதிர்ப்பட்டால், "ஏனுங்க மேடம், இன்னைக்கு எங்கீங்க வெடி?" என்பார் ஒருவர். "தீவாளிக்கு இன்னும் நாள் இருக்குதுங்களே" என்பார் இன்னொருவர். மேடமும் சிரித்துக்கொண்டே, "உங்க ஊட்டுக் கூரையைப் பத்திரமாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நடப்பார். அறைக்குள் வந்ததும் அந்தச் சிரிப்பு இருக்காது.

அவர் என்னை முதன்முதலில் கூப்பிட்டது தற்செயல்தான். திரையைத் துடைக்கப் போனவன், "இந்தப் பொட்டு அந்தப் படத்துல இல்லீங்களே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பெருமைக்குச் சொல்லவில்லை, தறி ஓட்டுகிறவனின் கண் அது. நான்கு தறிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஓடுகிற துணியில் ஓர் இழை அறுந்தால் கோடு விழுவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். வானமும் எனக்கு அகலத் துணியாகத்தான் தெரிந்தது. வானம் கறுப்பாகத்தானே இருக்கும், இது ஏன் வெளுப்பாக இருக்கிறது என்று கேட்டேன். "தலைகீழாப் போட்டிருக்கறனுங்க தம்பி. கறுப்பு மேல வெள்ளையைவிட வெள்ளை மேல கறுப்பு நல்லாக் கண்ணுக்குத் தெரியும்" என்றார். அன்றிலிருந்து இரண்டு படம் வைப்பதும் என்னைக் கூப்பிடுவதும் பழக்கமாகிவிட்டது. கணினி அளந்து சொல்லாததா? அவருக்கு என் கண் தேவையில்லை என்று எனக்கும் தெரியும். கூப்பிட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அவர் எனக்குச் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதப் பார்க்கிறேன். நம் சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம் ஒன்று எரிந்து தீர்ந்ததும் அதன் நடுப்பகுதி சட்டென்று உள்ளே இடிந்து விழுகிறது. அப்போது அதன் இரண்டு முனைகளிலிருந்தும் டார்ச் லைட் அடித்தாற்போலக் கதிர் பீறிட்டு வரும். அந்த டார்ச் நம் பக்கம் திரும்பியிருந்தால் நமக்கு ஒரு மின்னல் தெரியும். கண்ணுக்கு அல்ல, காமா கதிர் என்பதால், பூமியைச் சுற்றுகிற சாட்டிலைட்டுக்கு மட்டும். சில விநாடிகள்தான், முடிந்துவிடும். பிறகு அந்த இடத்தில் ஒரு வெளிச்சம் மிச்சமிருக்கும். அது நாளுக்கு நாள் மங்கும். மங்கியதும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலரும் அடுத்த வெடிப்பைத் தேடிப் போய்விடுவார்கள். போகாமல் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒரு வாரம், பத்து நாள் கழித்து அங்கே இன்னொரு வெளிச்சம் மெதுவாக ஏறும். அது அந்த நட்சத்திரத்தின் உடம்பு வெடித்துச் சிதறிய வெளிச்சம். அதற்குப் பெயர் சூப்பர்நோவா. வெகுகாலம் அந்த மின்னல் வேறு, இந்த வெடிப்பு வேறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

"ரெண்டும் ஒரே எழவுதானுங்க தம்பி," என்றார் ஒருநாள், மோர்ச் சோற்றைப் பிசைந்தபடி. "மொதல்ல போன் வருதல்லங்க, அதுதான் மின்னல். போன் ஒரு நிமிசத்துல முடிஞ்சுரும். சனம் வந்து சேர நேரமாகும். அது சூப்பர்நோவா."

"போன் வராத எழவும் இருக்குமுங்களே" என்றேன்.

அவர் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "இருக்குதுங்க. அதுதான் நெறைய. டார்ச்சு வேற பக்கம் திரும்பியிருந்தா நமக்குப் போன் வராது. சனத்தைப் பாத்துத்தான் எழவுன்னே தெரிஞ்சுக்கோணும். சனமே வராம போன் மட்டும் வர்றதும் உண்டு. அது வேற வகை. நீங்க பேசாம எங்கிட்டப் பாடம் படிக்க வந்துருங்க."

அந்த வாரம் இந்த வெடிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு தாள்களை எனக்குக் கொடுத்தார். எளிமையாக எழுதியிருக்கிறார்கள், படித்துப் பாருங்கள் என்றார். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன். மறுநாள், "படிச்சீங்களா?" என்று கேட்டார். "படிச்சேனுங்க" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அது மிகச் சிறியது.

அந்தப் புரட்டாசியில் ஒரு மின்னல் வந்தது. பக்கத்தில் நடந்தது என்றார் மேடம். பக்கம் என்றாலும் அந்த வெளிச்சம் பல கோடி வருடங்கள் நடந்து வந்திருந்தது. உலகத்தின் மறுபக்கத்தில், தென் அமெரிக்காவில் ஒரு மலைமேல் இருக்கும் சிறிய டெலஸ்கோப்பில் தினம் ஒரு மணி நேரம் அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். நமக்குக் காலை பத்து மணி என்றால் அங்கே இரவு. நாங்கள் இங்கே தேநீர் குடிக்கும் நேரத்தில் அது அங்கே இருட்டில் திரும்பிப் படம் எடுக்கும். முதல் நாள் புள்ளி மிளகு அளவுக்கு இருந்தது. மூன்றாம் நாள் கடுகு. ஆறாம் நாள் கடுகில் பாதி. "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன். "மத்தவங்களுக்கு முடிஞ்சுது" என்றார். இந்த முறை சனம் வரும் என்று அவர் நம்பினார். அந்த ஏற்றத்தையும் உச்சியையும் இறக்கத்தையும் ஒரு நாள் விடாமல் தானே அளந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. இருபது வருடங்களாகப் பிறர் அளந்ததை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற அவருக்கு மூன்று வருடங்கள்தான் இருந்தன.

ஒன்பதாம் நாள் நான் படங்களைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இது மங்கலீங்க மேடம்" என்றேன்.

"நல்லாப் பாருங்க."

"மங்கலீங்க. நேத்து இருந்த மாதிரியே இருக்குது. கொஞ்சம் கூடுனாப்பல கூடத் தெரியுது."

அவர் உடனே அளக்க ஆரம்பித்தார். சுற்றியிருந்த புள்ளிகளோடு ஒப்பிட்டு அளப்பது நேரம் பிடிக்கும் வேலை. நான் வராந்தாவைக் கூட்டிவிட்டுத் திரும்பினேன். அவர் ஒரு தாளில் பென்சிலால் புள்ளிகள் வைத்திருந்தார். எட்டுப் புள்ளிகள் சரிந்து இறங்கின. ஒன்பதாவது இறங்காமல் நின்றது. "சனம் கிளம்பிருச்சுங்க தம்பி" என்றார். டிபன் டப்பாவில் இருந்த போளியை, எங்கள் பக்கத்தில் ஒப்பிட்டு என்போம், பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினார். அறைக்கு வெளியே யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

பன்னிரண்டாம் நாளிலிருந்து உச்சி எப்போது வேண்டுமானாலும் வரும் என்றார். அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. பூஜை, விஜயதசமி, ஞாயிறு என்று மூன்று நாள் விடுமுறை. மேடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்பாவுக்குத் திதி கொடுக்கக் கொடுமுடிக்குப் போக வேண்டியிருந்தது. மற்ற நாட்களில் தன் அறையைத் தானே பூட்டிச் சாவியைக் கொண்டுபோகிறவர், பூஜைக்குத் திறக்க வேண்டுமே என்று சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு முந்தின நாள் மாலையே கிளம்பிவிட்டார். நான் அப்போது வாழைக்கன்று வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்.

தறிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது. நிறுத்தி, துடைத்து, அது ஆறிய பிறகுதான் சந்தனமும் குங்குமமும். வைத்த பிறகு, வேலை திரும்பத் தொடங்கும் நாளில் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. வருடம் முழுக்க உழைத்ததற்கு அதற்குக் கிடைக்கும் ஓய்வு அதுதான். கோவைப் பக்கம் லேத்துப் பட்டறையிலும் மோட்டார் கம்பெனியிலும் இப்படித்தான். பூஜையன்று விடிந்ததுமே கல்லூரி ஆய்வகத்திலும் நான் அப்படியே செய்தேன். மேடத்தின் அறையைக் கடைசியாகத் திறந்தேன். திரை இருட்டாக இருந்தது, ஆனால் கணினிப் பெட்டிக்குள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. திரையின் மேல் சிவப்பு மையால் பெரிது பெரிதாக ஆங்கிலத்தில் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ஏதோ பூஜைக்காக மேடமே எழுதி வைத்த நல்ல வாக்கியம் என்று நினைத்தேன். சுவிட்சை அணைத்தேன். அதற்கு அடியில் இருந்த யூபிஎஸ் கீச் கீச் என்று கத்தியது. அதன் பொத்தானை அது அடங்கும்வரை அழுத்திப் பிடித்தேன். பிறகு மற்ற எல்லாக் கருவிகளையும்விட அந்தக் கணினிக்குத்தான் நேரம் எடுத்து அலங்காரம் செய்தேன். செவ்வந்திச் சரம் சுற்றினேன். தாளைக் கிழிக்க மனமில்லாமல் அதன் நான்கு மூலைகளிலும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தேன்.

படங்கள் செய்தித்தாள் மாதிரி தாமாக வந்து விழுகின்றன என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தக் கணினி உத்தரவு அனுப்பினால்தான் அந்த மலையில் இருக்கும் டெலஸ்கோப் திரும்பும் என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை எட்டரைக்கே மேடம் வந்துவிட்டார். மூன்று நாள் படங்களையும் சேர்த்துப் பார்க்கப்போகிறோம் என்று நானும் முன்னதாகவே வந்து வராந்தாவில் நின்றிருந்தேன். அவர் அறைக்குள் போனார். பிறகு, "தம்பி" என்று கூப்பிட்டார். செவ்வந்திச் சரம் காய்ந்து தொங்கியது. அவர் அதைத் தொடவில்லை.

"இந்தப் பேப்பரைப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"பாத்துட்டுமா அணைச்சீங்க?"

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "பூஜைக்கு நிறுத்தோணுமுங்க மேடம். பழக்கமுங்க" என்றேன்.

"எழுதி வெச்சிருந்தேனுங்களே" என்றார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மதியம் டீக்கடையில் லேப் டெக்னீஷியன் என் முதுகில் தட்டினான். "அண்ணா, கொட்டை எழுத்துல 'அணைக்காதீர்கள்'னு எழுதி ஒட்டியிருக்காங்க, அதுக்கே பொட்டு வெச்சு அணைச்சுப்போட்டீங்களே! உங்க பக்திக்கு அளவே இல்லீங்களா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைக் குடிக்க முடியவில்லை. அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அறைவாசல் வரை இரண்டு முறை போனேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னால், அந்த இரண்டு தாள்களையும் படிக்கவில்லை என்று ஆகும். மேடம் என்னோடு பேசிய பேச்செல்லாம் ஒரு படிக்காதவனிடம் பேசியது என்று ஆகும். பார்த்துவிட்டும் மதிக்காமல் அணைத்தவன் என்று அவர் நினைத்துக்கொள்வது எனக்கு அதைவிட எளிதாக இருந்தது.

அந்த மூன்று நாட்களில்தான் உச்சி வந்து போயிருந்தது. அவர் வரைந்ததை நான் திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். ஏறுகிற புள்ளிகள் இருந்தன, இறங்குகிற புள்ளிகள் இருந்தன, நடுவில் எதுவும் இல்லை. வெளிநாட்டில் ஒரு பெரிய குழு முழுவதையும் அளந்து வெளியிட்டது. மேடத்தின் அளவுகள் அதில் ஒரு வரியாகச் சேர்ந்தன. துறைத் தலைவரிடம் மேடம் ஏதோ மின்சாரக் கோளாறு என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என்னை யாரும் விசாரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கோபம் வந்தால் மரியாதை கூடும். "ஏனுங்க, தண்ணி வெச்சிருங்க." "ஏனுங்க, கதவைச் சாத்திருங்க." ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்து வைத்த பாத்திரம் போல இருக்கும். இரண்டு படம் வைப்பது நின்றது. மதியம் அவர் உள்ளே தனியாகச் சாப்பிடுவார். நான் மாடிப்படிக்கு அடியில் தனியாகச் சாப்பிடுவேன். இடையே இருபது அடி தூரம் இருக்கும். இப்படி மூன்று வருடங்கள் போயின. அதற்குள் அவருடைய அம்மாவும் இறந்துபோனார். எனக்கும் போன் வந்தது. சனத்தோடு சனமாகப் போய் நின்றுவிட்டு, அவர் கண்ணில் படாமல் வந்துவிட்டேன்.

ஓய்வு பெற்றதும் பெங்களூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விட முடிவு செய்தார். சாமான் கட்ட ஓர் ஆள் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். அவர்கள் என்னை அனுப்பினார்கள். துடியலூர் வீட்டின் கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு, "வாங்க" என்றார். மதியம்வரை சாமான் கட்டினோம். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அவர் கையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த ஃபைல் ஒவ்வொண்ணுலயும் மேல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க. நான் லிஸ்ட் எழுதிக்கறேன்."

நான் முதல் ஃபைலைக் கையில் எடுத்தேன். எல்லாம் ஒரே பழுப்பு நிறம். நீங்களே பாத்து எடுத்துக்குங்க என்று சொல்லித் தப்பிக்க இங்கே மாணவர்கள் இல்லை.

"என்னங்க?"

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுங்க மேடம்."

"எழுத்து கிறுக்கலா இருக்குதுங்களா?"

"இல்லீங்க. எதையும் படிக்கத் தெரியாதுங்க. அஞ்சாவதுதானுங்க படிச்சேன்."

அவர் பேனாவை மூடினார். சாலையில் மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"அன்னைக்கு அந்தப் பேப்பர்..."

"ஏதோ நல்ல வாக்கியமுன்னு நெனச்சேனுங்க. அதனாலதான் பொட்டு வெச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. மூணு வருசமுங்க." இப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "வேணும்னே செஞ்சீங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். எல்லாரும் வராந்தாவுல சிரிக்கறாங்களே, இவரும் அப்படித்தான் போலன்னு நெனச்சேன். அப்படி நெனக்க எப்படி உட்டீங்க?"

"படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சா, அப்பறம் படத்தைக் காட்டக் கூப்பிட மாட்டீங்கன்னு இருந்துட்டேனுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிப்பட்ட பேச்சு என்று எனக்கே உறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"படம் பாக்கறதுக்கு இங்கிலீஷ் எதுக்குங்க" என்றார் கடைசியில். "தமிழ் தெரியுமல்லங்க?"

"நல்லாத் தெரியுமுங்க."

மார்க்கர் பேனாவை என்னிடம் கொடுத்தார். அவர் ஒவ்வொரு ஃபைலாக எடுத்துப் படித்துச் சொல்ல, நான் பெட்டிகளின் மேல் தமிழில் எழுதினேன். நட்சத்திரப் படங்கள். கணக்குத் தாள்கள். அம்மாவின் புடவைகள். பூஜைப் பாத்திரம், மெதுவாக இறக்கவும். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். நான்கு மணிக்கு லாரி வந்தது. பெட்டிகள் ஏறின. வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, லாரிக்காரர் அவசரப்படுத்தியதால் கையை மட்டும் அசைத்துவிட்டு டிரைவரின் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் போன் அடித்தது. பெங்களூரில் சாமான் இறக்க வந்தவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லையாம். எந்தப் பெட்டி எந்த அறைக்கு என்று அவர்கள் திணற, இவரே வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாராம். "ஊருக்கே இப்ப நான் படிச்சுக் காட்டிட்டிருக்கறனுங்க தம்பி" என்று சிரித்தார். பின்னால் யாரோ கன்னடத்தில் கூப்பிட்டார்கள். "வாரேன், வாரேன்" என்று அவர்களுக்குத் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு, "அப்பறமாக் கூப்படறேன் தம்பி" என்று வைத்தார்.

அதன் பிறகு கூப்பிடவில்லை. இரண்டு வருடங்கள் ஆகின்றன. புது இடம், புது மனிதர்கள், நேரம் இருந்திருக்காது. அவர் எண் என்னிடம் இருக்கிறது. ஒருமுறை எடுத்து அழுத்தவும் செய்தேன். மணி அடிப்பதற்கு முன்பே அணைத்துவிட்டேன்.